தைராய்டு சுரப்புக் குறைக்கான மருந்தளவு

தைராய்டு சுரப்புக் குறை என்பது கழுத்தின் முன்பகுதியில் உள்ள தைராய்டு சுரப்பி, உடலுக்குத் தேவையான அளவு ஹார்மோனைச் சுரக்காத நிலை ஆகும். இக்குறைக்குத் தரப்படும் மருந்து லெவோதைராக்சின். சுரப்பி சுரக்க வேண்டிய அதே பொருளையே ஆய்வகத்தில் செய்து மாத்திரையாகத் தருகிறார்கள். இது நோயைக் கொல்லும் மருந்து அன்று. இல்லாததை ஈடு செய்யும் மருந்து. ஆகவே இதில் 'எந்த மருந்து' என்பதைவிட 'எவ்வளவு' என்பதே முக்கியமான கேள்வி. குறைந்தால் நோய் தொடரும். கூடினால் வேறு நோய் வரும். சரியான அளவு முதல் சீட்டிலேயே கிடைத்துவிடுவதும் அரிது. மருந்து, காத்திருப்பு, இரத்தப் பரிசோதனை, திருத்தம் என்று படிப்படியாகவே அதை அடைய முடியும். அளவு பொருந்தவில்லை என்று தோன்றும் பலருக்கு உண்மையில் பிழை மாத்திரையின் எண்ணில் இருப்பதில்லை. அதை எடுத்துக்கொள்ளும் முறையில் இருக்கிறது.

சுரப்பி வேலை செய்யும் விதம்

தைராய்டு சுரப்பி வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும். உணவில் வரும் அயோடினைக் கொண்டு டி4, டி3 என்னும் இரண்டு ஹார்மோன்களை அது உண்டாக்குகிறது. டி4 என்பதன் பெயரே தைராக்சின். அதில் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. உடலின் திசுக்கள் அதிலிருந்து ஓர் அணுவை நீக்கி டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. செல்களுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் டி3 தான். இதனால்தான் டி4 மாத்திரை ஒன்றை மட்டும் கொடுத்தாலே பெரும்பாலோருக்குப் போதுமானதாகிறது.

சுரப்பியை மேற்பார்வை செய்வது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டிஎஸ்எச் என்னும் தூண்டு ஹார்மோனை அதிகமாக அனுப்பும். ஹார்மோன் மிகுந்தால் டிஎஸ்எச் இறங்கும். வகுப்பில் பையன் எழுதாமல் இருந்தால் ஆசிரியரின் குரல் உயர்வது போலத்தான் இது. எனவே டிஎஸ்எச் எண் உயர்ந்திருந்தால் தைராய்டு குறைவு, எண் தாழ்ந்திருந்தால் தைராய்டு மிகுதி என்று பொருள். இந்தத் தலைகீழ் உறவைப் புரிந்துகொள்ளாமல் 'டிஎஸ்எச் அதிகமாக இருக்கிறது, மாத்திரையைக் குறைக்க வேண்டும்' என்று தாமே முடிவு செய்பவர்கள் உண்டு. அது நேர்மாறான செயல்.

பெரியவர்களுக்கு டிஎஸ்எச் பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை இருக்கலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும். சில அறிக்கைகளில் 'மில்லிலிட்டருக்கு மைக்ரோ யூனிட்' என்று இருக்கும். இரண்டு அலகிலும் எண் ஒன்றேதான், குழம்ப வேண்டியதில்லை.

இரத்தத்தில் டி4 சிறிதளவு மாறினாலும் டிஎஸ்எச் பல மடங்கு மாறும். அதனால்தான் மாத்திரையில் 12.5 மைக்ரோகிராம் கூட்டுவதும் குறைப்பதும்கூட அறிக்கையில் தெளிவாகத் தெரிகிறது.

மருந்தின் வரலாறு

1891ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு குறைவால் உடல் வீங்கி ஓய்ந்துபோயிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண் தேறி, 1919 வரை வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவருக்காகப் பயன்பட்ட ஆடுகள் 870க்கும் மேல் என்று மர்ரே பிற்பாடு கணக்குச் சொன்னார். சாற்றின் வலிமை ஒவ்வொரு முறையும் ஒரே சீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. அளவுச் சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது.

1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1926-27இல் சார்லஸ் ஹாரிங்டன் அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்து, ஜார்ஜ் பார்கருடன் சேர்ந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தார். பிறகு அதன் சோடியம் உப்பு மாத்திரையாக வந்தது. ஆயினும் டிஎஸ்எச்சை அளக்கும் நுட்பமான சோதனை பரவலாகும் வரை மருத்துவர்கள் நோயாளியின் அறிகுறிகளைப் பார்த்தே அளவை முடிவு செய்தனர். அன்று நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை தருவது வழக்கமாக இருந்தது. டிஎஸ்எச் சோதனை வந்த பின்னரே பலருக்கு அது மிகுதி என்று தெரிந்தது. இன்று பெரும்பாலான பெரியவர்களுக்கு 150க்குள்ளாகவே அளவு அமைந்துவிடுகிறது. மருந்து மாறவில்லை, அளக்கும் கருவி வந்தது, அளவு திருந்தியது.

இந்தியாவில் பரவல்

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு 2013இல் வெளியானது. அதில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறை இருந்தது. ஆய்வில் கலந்துகொண்ட அனைவரிலும் 3.47 விழுக்காட்டினருக்கு, அதுவரை தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

அயோடின் கலந்த உப்பு நாடெங்கும் வந்த பிறகும் இக்குறை இருப்பதற்குக் காரணம், இன்று பெரும்பாலும் அது அயோடின் பற்றாக்குறையால் வருவதில்லை என்பதே. உடலின் எதிர்ப்பு ஆற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயே முதன்மைக் காரணம். அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்தவர்கள், கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கும் இது வரும்.

தொடக்க அளவு

சுரப்பி ஏறக்குறைய முழுவதும் செயலிழந்துவிட்ட, இதய நோய் இல்லாத, நடுத்தர வயதுக்கு உட்பட்டவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுவான கணக்கு. எடுத்துக்காட்டாக,

55 கிலோ எடை: 55 × 1.6 = 88 மைக்ரோகிராம்
62 கிலோ எடை: 62 × 1.6 = 99.2, அதாவது 100 மைக்ரோகிராம்
70 கிலோ எடை: 70 × 1.6 = 112 மைக்ரோகிராம்

மருந்துக்கடையில் 88, 112 என்று விசித்திரமான எண்களிலும் மாத்திரை உண்டு. 12.5, 25, 50, 62.5, 75, 100, 125, 150 ஆகிய அளவுகளும் கிடைக்கின்றன.

சுரப்பி இன்னும் பாதி வேலை செய்துகொண்டிருந்தால் இவ்வளவு தேவைப்படாது. 25 அல்லது 50இல் தொடங்குவர். முதியோருக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25இல் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உயர்த்துவர். நெடுநாள் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த இதயத்தைத் திடீரென்று விரட்டினால் மாரடைப்பு வரவும் வாய்ப்புண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் அளவும் நமது அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் தைராய்டு இருந்தாலும் ஒரே புட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

அலகிலும் புள்ளியிலும் வரும் பிழை

ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். 100 மைக்ரோகிராம் மாத்திரையைச் சிலர் 0.1 மில்லிகிராம் என்றும் எழுதுவர்; இரண்டும் ஒன்றே. 0.05 மில்லிகிராம் என்பது 50 மைக்ரோகிராம்.

இதைவிட ஆபத்தானது புள்ளி. 12.5 என்று எழுதியதில் புள்ளி மங்கிவிட்டால் 125 என்று படிக்க நேரும். அது பத்து மடங்கு. எழுபது வயது இதய நோயாளிக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. சீட்டை வாங்கும்போதே 'பன்னிரண்டரையா, நூற்று இருபத்தைந்தா?' என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்தை வாங்கியதும் புட்டியில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும். வீட்டில் பழைய அளவுப் புட்டி மீதமிருந்தால், புதிய அளவு தொடங்கிய நாளிலேயே அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

ஆறு வாரம் காத்திருப்பது ஏன்?

தைராக்சினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ ஏழு நாள். அதாவது உடலில் உள்ள தைராக்சினில் பாதி குறைய ஒரு வாரம் ஆகும். புதிய அளவு நிலைபெறுவதும் இதே கணக்கில்தான்.

முதல் வார முடிவில்: 50 விழுக்காடு
இரண்டாம் வாரம்: 75
மூன்றாம் வாரம்: 87.5
நான்காம் வாரம்: ஏறத்தாழ 94
ஐந்தாம் வாரம்: ஏறத்தாழ 97
ஆறாம் வாரம்: ஏறத்தாழ 98

எனவே அளவை மாற்றிய பத்தாம் நாளே பரிசோதனை செய்தால், பாதி நிரம்பிய குடத்தைப் பார்த்து முடிவு சொல்வதாகிவிடும். அளவு மாற்றிய 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் பார்ப்பதே முறை. எண் சரியான எல்லைக்குள் வந்த பிறகு, ஆறு மாதத்திலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம் என்பதும் இதே கணக்கிலிருந்து விளங்கும். அதே சமயம், மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பதும் இதனால்தான். 'நிறுத்திப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்பவர்கள், பழைய இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரிரு மாதத்தில் இருப்பு தீர்ந்துவிடும்.

எடுத்துக்கொள்ளும் முறை

வெறும் வயிற்றில் எடுத்தால் மாத்திரையில் ஏறக்குறைய 70 முதல் 80 விழுக்காடு உடலில் சேரும். உணவோடு எடுத்தால் இது குறைந்துவிடும். ஆகவே காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். டீயும் காபியும் அந்த 'வேறு எதுவும்' என்பதில் அடங்கும். காபி இம்மாத்திரை சேர்வதைத் தடுக்கிறது என்பதை இத்தாலிய மருத்துவர்கள் 2008இல் நோயாளிகளிடம் சோதித்துக் காட்டினர். பாலில் உள்ள கால்சியமும் தடையே.

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலையின் அடிவாரச் சமவெளியில் உள்ள எருமப்பட்டி போன்ற ஊர்களில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது சொல்வது போல எளிதன்று. கோழிப்பண்ணை வேலைக்கும் நூற்பாலை வேலைக்கும் போகிறவர்கள் விடிவதற்கு முன் எழுகிறார்கள். பால் கறப்பவர்களும் அப்படியே. எழுந்ததும் முதலில் வாய்க்குள் போவது டீ. மாத்திரையும் அந்த டீயோடு போய்விடுகிறது. இவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. புட்டியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் படுக்கும் இடத்தருகே வைத்துக்கொண்டு, கண் விழித்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு வாசல் தெளிப்பது முதலான வேலைகளை முடித்தால் அரை மணி நேரம் தானாகக் கழிந்துவிடும். அது முடியாதவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நாள்தோறும் அதே நேரம் என்பதே முக்கியம்.

மற்ற மருந்துகளில் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, இவை கலந்த டானிக்: நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.
வயிற்றுப் புண்ணுக்கான பான்டபிரசோல், ஒமிபிரசோல்: வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் தைராய்டு மாத்திரை கரைவது குறையும். நெடுநாள் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
அமிலமுறிவு மருந்துகள்: நான்கு மணி நேர இடைவெளி.
காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின்: இவை தைராக்சினை விரைவில் செலவழிக்கச் செய்யும். அளவைக் கூட்ட நேரலாம்.
சோயா உணவு: மீல் மேக்கரை மாத்திரைக்கு அடுத்து உடனே உண்ண வேண்டாம்.

மாத்திரை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் வலுவிழக்கும். நாமக்கல், சேலம் சமவெளியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழோ, அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலோ, வண்டியின் பெட்டியிலோ புட்டியை வைத்தால் எழுதிய அளவு உள்ளே இருக்காது. வீட்டின் குளிர்ச்சியான, உலர்ந்த அறையில், வந்த புட்டியிலேயே மூடி வைக்க வேண்டும்.

ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பது நல்லது. விலையினாலோ கடையில் இல்லாததாலோ மாற்ற நேர்ந்தால் அதில் தவறில்லை. ஆனால் மாற்றிய 6 முதல் 8 வாரத்தில் ஒருமுறை டிஎஸ்எச் பார்த்துவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக ஒரு பெண்ணைக் கொள்வோம். வயது 30, எடை 55 கிலோ, எருமப்பட்டி அருகே கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்கில் மிகுந்த போக்கு. டிஎஸ்எச் 38. மருத்துவர் 88 மைக்ரோகிராம் எழுதித் தருகிறார்.

எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் 14. பாதி வழி வந்திருக்கிறது. உடனே 112 ஆக உயர்த்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் மருத்துவர் முதலில் கேட்பது, 'மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள்?' என்பது. காலை ஐந்து மணிக்கு டீயோடு. கூடவே இரத்தச்சோகைக்குத் தந்த இரும்புச்சத்து மாத்திரை. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாததால் அன்று மறந்துவிடும். மருத்துவர் அளவை மாற்றவில்லை. மாத்திரை தண்ணீரில், டீ அரை மணி கழித்து, இரும்புச்சத்து மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஞாயிறும் தவறாமல் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். அடுத்த எட்டாவது வாரம் டிஎஸ்எச் 2.6.

அன்றே 112 ஆக உயர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சில மாதம் கழித்து அவர் முறையைத் திருத்திக்கொண்டாலோ, இரும்புச்சத்து மாத்திரை முடிந்துவிட்டாலோ, 112 முழுவதும் உடலில் சேர்ந்து அளவு மிகுதியாகியிருக்கும். முறையைச் சரிசெய்த பிறகே அளவைத் தொட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

கருவுற்ற காலம்

அளவு தவறினால் இழப்பு அதிகம் நேரும் காலம் இது. கருவின் தைராய்டு முதல் சில மாதங்களில் போதிய அளவு சுரப்பதில்லை. அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே துணை. தாய்க்குக் குறை இருந்து ஈடு செய்யப்படாவிட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் முதலியவை நேரும் வாய்ப்பு கூடுகிறது.

2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏற்கெனவே தைராக்சின் எடுத்துவந்த பெண்களைக் கருவுற்றது முதல் தொடர்ந்து கவனித்தது. மருந்துத் தேவை ஐந்தாம் வாரம் முதலே உயரத் தொடங்கி, முதல் பாதியில் சராசரியாக 47 விழுக்காடு கூடியது. ஐந்தாம் வாரம் என்பது, நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் அப்போதுதான் கவனிக்கும் காலம். முதல் பரிசோதனைக்கு மூன்றாம் மாதம் போகலாம் என்று காத்திருந்தால் தேவையான வாரங்கள் கடந்துவிடும்.

இதற்காக மருத்துவர்கள் சொல்லும் எளிய வழி, கர்ப்பம் உறுதியானதுமே வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது எடுத்துக்கொள்வது. 9ஐ 7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 29 விழுக்காடு உயர்வு. ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு. தைராக்சின் எடுத்துவரும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இதைத் தம் மருத்துவரிடம் பேசி எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், முப்பதாம் வாரத்தையொட்டி ஒருமுறையும் டிஎஸ்எச் பார்ப்பர். மருந்து எடுக்கும் கர்ப்பிணிகளுக்கு அது 2.5க்குக் கீழ் இருப்பதே இலக்கு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தருகிறார்கள். அவை தேவையானவை, தவிர்க்கக் கூடாதவை. ஆனால் மூன்றையும் ஒரே கையில் வைத்து ஒரே வாயில் விழுங்கினால் தைராய்டு மாத்திரை வீணாகிறது. காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்புச்சத்து, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம் என்று பிரித்துக்கொண்டால் மூன்றும் பயன்படும். இதை ஒரு தாளில் எழுதி, மாத்திரை வைக்கும் இடத்தில் ஒட்டி வைக்கலாம்.

பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது இம்மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை.

பிறந்த குழந்தை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் செய்த ஆய்வில் 1,130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறை இருந்தது. பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். பிறந்த இரண்டு வாரத்துக்குள் சரியான அளவு தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாக அமைகிறது. மாதக்கணக்கில் தாமதித்தால் ஏற்படும் மூளைக் குறைபாட்டைப் பிறகு எந்த அளவாலும் ஈடு செய்ய முடியாது.

குழந்தைக்கான அளவு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 3 கிலோ குழந்தைக்கு 30 முதல் 45 மைக்ரோகிராம். கிலோ கணக்கில் இது பெரியவர்களின் அளவைப் போல ஆறு மடங்குக்கும் மேல். 'பச்சைக் குழந்தைக்கு இவ்வளவா?' என்று பயந்து பாதி மாத்திரையாகக் குறைத்துவிடக் கூடாது. மாத்திரையைப் பொடித்து ஒரு கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து உடனே கொடுக்க வேண்டும். பால் புட்டி முழுவதிலும் கலந்தால், குழந்தை மீதம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும்.

முதியோர்

வயது ஏற ஏற டிஎஸ்எச் சற்று உயர்வது இயல்பு. எழுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு எண் 6 அல்லது 7 என்று வந்து, டி4 இயல்பாக இருந்தால், பல நேரங்களில் மருந்தே தேவைப்படாது. ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இத்தகைய இலேசான குறைக்கு மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சோர்விலோ பிற அறிகுறிகளிலோ வேறுபாடு காணப்படவில்லை. டிஎஸ்எச் 10ஐத் தாண்டினால் நிலைமை வேறு. அப்போது மருந்து பற்றி முடிவு செய்வர்.

அளவு மிகுந்தால்

படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, அதிக வியர்வை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை அளவு மிகுதியின் அறிகுறிகள். டிஎஸ்எச் நெடுநாள் 0.1க்குக் கீழே இருந்தால் முதியோருக்கு இதயத் துடிப்புச் சீர்கேடும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. எடை குறைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையைத் தாமே கூட்டிக்கொள்வது இவ்வகையில் ஆபத்தானது.

டிஎஸ்எச் சரியாக வந்த பிறகும் சோர்வு தீரவில்லை என்றால், காரணம் வேறிடத்தில் இருக்கலாம். இரத்தச்சோகை, பி12 குறைவு, சர்க்கரை நோய், தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சோர்வுக்காக மாத்திரையைக் கூட்டுவது தீர்வன்று.

டிஎஸ்எச் வழிகாட்டாத நிலைகள்

பிரசவத்தின்போது மிகுந்த இரத்தப்போக்கால் பிட்யூட்டரியே பழுதாவது உண்டு. இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். இவர்களுக்கு டிஎஸ்எச் இயல்பாகக் காட்டினாலும் தைராக்சின் குறைந்திருக்கும். டி4 எண்ணைக் கொண்டே இவர்களின் அளவை முடிவு செய்ய வேண்டும். கார்டிசால் குறைவு இருக்கிறதா என்று பார்த்து முதலில் அதை ஈடு செய்த பின்னரே தைராக்சின் தொடங்குவர். தைராய்டுப் புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்களில் சிலருக்கு டிஎஸ்எச்சை வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருப்பர். இவர்கள் தம் அறிக்கையைப் பொது எல்லையோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

தவறான நம்பிக்கைகள்

'அறிக்கை சரியாக வந்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்.' எண் சரியாக இருப்பது மாத்திரையால்தான். ஹாஷிமோட்டோ நோய் முற்றியவர்களுக்கும் சுரப்பியை எடுத்தவர்களுக்கும் இது வாழ்நாள் முழுவதும் தேவை. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி போன்ற சிலவற்றில் சுரப்பி மீண்டும் தேறலாம். ஆனால் நிறுத்திப் பார்ப்பது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். நெடுநாள் முழுவதுமாக நிறுத்தியவர்களுக்கு உடல் குளிர்ந்து நினைவு தவறும் மிக்சிடிமா மயக்கம் வரக்கூடும். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

'தைராய்டு இருந்தால் குச்சிக்கிழங்கு ஆகாது.' சேலம், நாமக்கல் மாவட்டங்கள் மரவள்ளி விளையும் பகுதி. இங்கே இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. மரவள்ளியில் உள்ள ஒரு பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக் கூடும் என்பது உண்மை. ஆனால் அயோடின் குறைந்த பகுதியில் அதையே முதன்மை உணவாக உண்பவர்களுக்குத்தான் அது பெரிதாகப் பாதிக்கும். அயோடின் உப்பு சேர்க்கும் வீட்டில், நன்றாக வேகவைத்த கிழங்கை எப்போதாவது உண்பதால் கேடில்லை. முழு அளவு தைராக்சின் எடுப்பவருக்கு ஹார்மோன் ஆயத்தமாகவே உள்ளே போகிறது. சுரப்பியின் அயோடினை நம்பி அவர் இல்லை. முட்டைக்கோசுக்கும் இதே பதில்தான்.

'கூடுதலாக அயோடின் எடுத்தால் மாத்திரையைக் குறைக்கலாம்.' ஹாஷிமோட்டோ நோயில் குறைவது அயோடின் அன்று, சுரப்பியின் திறன். அளவுக்கு மிஞ்சிய அயோடின் சுரப்பியை மேலும் கெடுக்கலாம்.

பரிசோதனை நாளும் மருத்துவரைக் காணும் நாளும்

இரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்வது நல்லது. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு டி4 எண் சற்று உயர்ந்து காட்டும். முடி வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் சோதனை எண்களையே தவறாகக் காட்டச் செய்யும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டும். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டு, மற்ற நாளில் விட்டுவிட்டால் டி4 நன்றாகவும் டிஎஸ்எச் உயர்ந்தும் வரும். அதைப் பார்த்ததுமே மருத்துவர் விஷயத்தைப் புரிந்துகொள்வார். மறந்த நாட்களை மறைக்காமல் சொல்லிவிட்டால் தேவையற்ற அளவு உயர்வைத் தவிர்க்கலாம்.

ஒரு சிறிய நோட்டில் தேதி, மாத்திரையின் பெயர், அளவு, டிஎஸ்எச், டி4, உடல் எடை என ஆறு கட்டங்கள் போட்டு எழுதி வர வேண்டும். நாமக்கல், சேலம், திருச்சி என்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த நோட்டையும், மாத்திரைப் புட்டியையும், எடுத்துவரும் மற்ற மருந்துகளையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். 'சிவப்பு மூடி போட்ட தைராய்டு மாத்திரை' என்ற விடையிலிருந்து எந்த மருத்துவராலும் அளவைக் கணக்கிட முடியாது.

இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்காக எழுதப்பட்டது. இதில் உள்ள கணக்குகள் மருத்துவரின் சீட்டைப் புரிந்துகொள்வதற்கு உரியவை. தாமே அளவை மாற்றிக்கொள்வதற்கு உரியவை அல்ல.